வேண்டாம் என்று நான் முடிவு செய்த போன்

கீலுங் துறைமுகத்தில் இழுவைப் படகு என்ஜின்களோடு மாரடித்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன். எங்கள் வீட்டுக்குள் ஸ்மார்ட்போன் நுழையக்கூடாது என்ற முடிவையும் தீர ஆராய்ந்துதான் எடுத்தேன்.

பழைய அலைவரிசையை மூடிவிட்டதால் என் மடக்குபோன் ஒருநாள் காலை செத்துப்போனது. வீட்டுப் போனை, மாதக் கட்டணம் வீண் என்று நானே எப்போதோ துண்டித்திருந்தேன்.

"இப்பவாவது ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிடுங்களேன்" என்றாள் என் மனைவி பெய்லான். "அப்படியே எனக்கும் ஒண்ணு இருந்தா, ஒருத்தரையொருத்தர் கூப்பிட்டுக்கலாம்."

கடைக்குப் போனேன். விலையைக் கேட்டதும் உட்கார்ந்தேன். இரண்டு வருட ஒப்பந்தம் என்றதும் எழுந்தேன். கண்ணாடி உடைந்தால் பாதி விலை போய்விடுமாம். போதாததற்கு என் பெயர், முகம், விரல்ரேகை, நான் நிற்கிற இடம் எல்லாம் அதற்குத் தெரிய வேண்டுமாம். பெண் கொடுத்த என் மாமியாரே இவ்வளவு விசாரிக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அன்று இரவு மீன் உருண்டை சூப் குடித்தபடி பெய்லானுக்கு விளக்கினேன். "காசையும் குடுத்து, நாம எங்க போறோம், என்ன திங்கறோம்னு ஊருக்கே சொல்லணுமா? புருஷன் பொண்டாட்டியே ஆனாலும் ஆளுக்கொரு அந்தரங்கம் வேணும்."

அவள் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள். கடைசி வரியை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். பிறகு, "நீங்க சொல்றது நியாயம்தான்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாய் சொல்லாத வார்த்தை அது. மடக்குபோன் போனால் என்ன, மனைவியை மடக்கிவிட்டேன் என்று இன்னொரு கிண்ணம் சூப் குடித்தேன்.

அடுத்த வாரம், பூங்காவில் காலையில் உடற்பயிற்சி நடனம் ஆடும் பெண்கள் பஸ் பிடித்து ஹுவாலியன் பக்கம் வெந்நீர் ஊற்றுக்குப் போனார்கள். அவர்களோடு ஆடும் பெய்லானும் போனாள். மறுநாள் பேய் மழை. மலைச்சாலையில் மண் சரிந்து வண்டிகள் சிக்கிக்கொண்டதாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். என்ன வண்டி, யார் வண்டி என்று சொல்லவில்லை.

பெய்லானின் மழைக்கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. நான் போன் வாங்கியிருந்தால் அவள் கையிலும் ஒன்று இருந்திருக்கும். கட்டணத்தை மிச்சம் பிடித்த மனிதன், அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றேன். பிறகு குடைகூட எடுக்காமல் தெருவில் இறங்கினேன்.

தெரு முனையில் சோயாப்பால் விற்கும் யூச்சிங்கும் அந்த நடனக் கூட்டத்தில் ஒருத்திதான். முழங்கால் வலியால் பயணத்துக்குப் போகவில்லை. கூடப் போனவர்களில் யாருடைய நம்பராவது கேட்கலாம் என்று போனேன்.  என் முகத்தைப் பார்த்து அவளே புரிந்துகொண்டாள்.

"பயப்படாதீங்க லூ அண்ணா. பஸ் இன்னிக்குக் கிளம்பவே இல்ல. எல்லாரும் ஓட்டல்லதான் இருக்காங்க. உங்ககிட்ட சொல்லிடச் சொல்லி பெய்லான் இப்பதான் பேசினா. கடையை மூடிட்டு வரலாம்னு இருந்தேன்."

"யார் போன்ல பேசினா?"

யூச்சிங் பாலைக் கிண்டியபடி சொன்னாள். "அவ போன்லதான். வாங்கி ஒரு வருஷம் ஆகுது. நீங்க ஒண்ணு வாங்கினதும் சொல்லிடலாம்னு இருந்தா. நீங்கதான் ஆளுக்கொரு அந்தரங்கம் வேணும்னுட்டீங்களாமே."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். யூச்சிங் தன் போனில் எதையோ தட்டி என்னிடம் நீட்டினாள்.

திரை நிறையப் பெய்லான். ஈரத் தலையில் துண்டு, வெந்நீரில் சிவந்த கன்னம். உயிரோடு இருந்தாள். எனக்குக் கண் கலங்கியது. "பெய்லான்" என்றேன். 

அவளுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று அமைதியானார்கள். பெய்லான் போனைக் கண்ணுக்கருகே கொண்டுவந்து என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"நீங்களா?" என்றாள். "என் நம்பரை உங்களுக்கு யார் குடுத்தது?"