பதினோராம் அத்தியாயம்

“நீங்க பதினேழாவது ஆள்” என்றாள் நூலகர் மார்லிஸ், பட்டியலில் வெர்னான் க்ளிங்கரின் பெயரை எழுதிக்கொண்டே. “ஆளுக்கு ரெண்டு வாரம். நவம்பர்ல புத்தகம் உங்க கைக்கு வந்துடும்.”

அப்போது மார்ச் முதல் வாரம். வெர்னான் மேஜைமேல் குனிந்தார்.

“ஒரே ஒரு மத்தியானம் குடு மார்லிஸ். ஒரு இடத்தைத் திருப்பிப் பார்க்கணும், அவ்வளவுதான்.”

“மூணு தடவை படிச்சேன்னு அட்டையில நீங்கதானே எழுதியிருக்கீங்க? நாலாவது தடவையை நவம்பர்ல வெச்சுக்குங்க. ஒரு தடவைகூடப் படிக்காதவங்க பதினாறு பேர் முன்னாடி நிக்கிறாங்க.”

விஷயம் என்னவென்றால், வெர்னானும் அந்தப் புத்தகத்தை ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

ஓஹையோவில் ஹிக்கரி ஃபோர்ட் என்ற அந்தச் சிற்றூரில் முப்பத்து நாலு வருஷம் தபால் கொடுத்தவர் வெர்னான். ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் அவருக்கென்று ஒரு தட்டு ஒதுக்கினார்கள். ‘அமெரிக்க வரலாறு: வெர்னான் சொல்கிறார்’ என்று மேலே ஒரு பலகை. ஒவ்வொரு புத்தகத்திலும் அவர் கைப்பட எழுதிய அட்டை ஒன்று செருகியிருக்கும். ‘உள்நாட்டுப் போரைப் பற்றி இதுவரை நீங்கள் படித்ததை மறந்துவிட்டு இதை எடுங்கள்.’ ‘ரயில் பாதை போட்டவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று தெரியாமல் இத்தனை நாள் எப்படி இருந்தீர்கள்?’ இப்படி. வரலாறு என்றாலே கொட்டாவி விடுகிறவர்கள்கூட அட்டையைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடைத்தெருவில் நாலு பேர் நிறுத்தி, “அடுத்து என்ன படிக்கலாம் வெர்னான்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் மனிதர் தினமும் சவரம் செய்துகொண்டார் என்று சொன்னால் மிகையில்லை.

அதுவரை ஒரு புத்தகத்தைக்கூடப் படிக்காமல் சிபாரிசு செய்ததில்லை. போன வாரம் களையெடுப்பு நாளன்றுதான் சறுக்கினார்.

வெகுகாலமாக யாரும் தொடாத புத்தகங்களை வருஷத்துக்கு ஒரு முறை எடுத்துத் தள்ளிவிடுவது நூலக வழக்கம். வண்டியில் குவிந்திருந்தவற்றின் நடுவே செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் கிடந்தது. ‘நாலடித் தண்ணீர்: நம் கால்வாய்களின் கதை’. எழுதியவர் அடிலெய்ட் ஃபென் என்ற அம்மாள். பின்னட்டையில் கடைசித் தேதி முத்திரை 1974. பதினெட்டு வருஷமாக ஒருத்தர் சீண்டவில்லை. வறண்டுபோன பழைய கால்வாய்க் கரையோரம்தான் வெர்னான் தினமும் தபால் பையோடு நடந்தவர். ஐயோ பாவம் என்று மனசு இளகிவிட்டது. யாராவது சிபாரிசு செய்தால் புத்தகம் தப்பும் என்பது விதி. நின்ற இடத்திலேயே ஓர் அட்டை எழுதிச் செருகினார்: ‘அமெரிக்க வரலாற்றில் நான் படித்தவற்றிலேயே சிறந்தது. மூன்று தடவை படித்தேன்.’

நாளைக்கு வந்து எடுத்துப் போய் ஆற அமரப் படித்தால் போயிற்று என்று நினைத்தார். மறுநாள் காலை கதவு திறந்ததும் டோரீன் ஸ்டாக்போல் அதைக் கொண்டுபோய்விட்டாள். டோரீனுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் சர்ச்சில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த மாதிரி. வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலில் பதினாறு பேர். போதாக்குறைக்கு, ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை வாசகர் வட்டத்தில் அந்தப் புத்தகத்தைப் பற்றி வெர்னான்தான் பேச வேண்டும் என்று மார்லிஸ் அறிவிப்பும் ஒட்டிவிட்டாள்.

படிக்காமல் சிபாரிசு செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்துத் தட்டே சாட்சி. கெர்ட்டி என்ற அம்மாள் சமையல் புத்தகங்களுக்குச் சிபாரிசு எழுதிக்கொண்டிருந்தாள். அவற்றில் ஒன்றைத் திறந்தே பார்க்கவில்லை என்று தெரிந்ததும் மார்லிஸ் அவள் பலகையைக் கழற்றிவிட்டாள். இப்போது அந்தத் தட்டில் வருமான வரிப் படிவங்கள் இருக்கின்றன.

வெர்னான் நேரே டோரீன் வீட்டுக்குப் போனார்.

“புத்தகமா? இப்பவா?” டோரீன் கதவை முழுசாகத் திறக்கவில்லை. “எதுக்கு வெர்னான்?”

“ஒரு அத்தியாயத்தை மட்டும் பார்க்கணும்.”

“எந்த அத்தியாயம்?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. தபால் ஆபீசில் அவர் தினமும் சுற்றிவந்த தடத்தின் எண் பதினொன்று. வாய் தானாக அதைச் சொல்லிவிட்டது. “பதினொண்ணு. அதைப் படிச்சு நான் அழுதிருக்கேன் டோரீன்.”

டோரீன் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“பதினொண்ணு! அய்யோ, அதைப் பத்திப் பேசாதீங்க. அந்த விதவை… புத்தகத்தை மூடி வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் தோட்டத்துல போய் நின்னேன். ரெண்டாவது வாட்டி படிச்சுக்கிட்டிருக்கேன். இப்பக் குடுக்க முடியாது.”

கதவு சாத்திக்கொண்டது. வெர்னான் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ‘விதவை’ என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த முறை டோரீனிடமிருந்து புத்தகம் லைல் என்ற நாவிதருக்குப் போனது. இரண்டு வாரத்துக்குள் மூன்று தடவை முடி வெட்டிக்கொள்ளப் போனார் வெர்னான். தலையில் வெட்ட ஏதுமில்லாமல் மூன்றாம் தடவை காதோர முடியைக் காட்ட வேண்டியதாயிற்று.

“யோவ், என்னய்யா புத்தகம் அது!” என்றான் லைல், கத்தரியை ஆட்டிக்கொண்டே. “பதினோராம் அத்தியாயம்னு ஊரே பேசுதேன்னு பார்த்தேன். அந்தக் கோவேறு கழுதை வெள்ளத்துல போகுது பாரு, அங்க எனக்கே தொண்டை அடைச்சுப்போச்சு.”

“கழுதை செத்துப்போச்சுல்ல?” என்று தூண்டில் போட்டார் வெர்னான்.

“செத்துச்சா இல்லையான்னு சொல்லாமலே விட்டிருக்காங்களே, அதுலதானே விஷயமே!”

‘கழுதை, வெள்ளம், முடிவு தெரியாது’ என்று நோட்டில் ஏறியது. விதவைக்கும் கழுதைக்கும் என்ன சம்பந்தம் என்று வெர்னான் தலையைப் பிய்த்துக்கொண்டார். பிய்த்துக்கொள்ள லைல் அதிகம் விட்டுவைக்கவில்லை.

மூன்றாவதாக எடுத்தவர் கார்டன் ப்ரெண்டிஸ். உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருஷம் வரலாறு நடத்தியவர். ஒரு தபால்காரர் தன் பாடத்தில் பெயர் வாங்குவது அவருக்கு ஆறாத வயிற்றெரிச்சல். அவரிடமும் போய் நின்றார் வெர்னான்.

“பதினோராம் அத்தியாயம் பரவாயில்லைப்பா” என்றார் கார்டன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. “ஆனா அதோட முடிவை நான் ஒத்துக்க மாட்டேன். ஆதாரம் போதாது. உன்னை மாதிரி ஆளுங்க உணர்ச்சிவசப்பட்டுப் படிப்பீங்க, அது வேற.”

‘முடிவுக்கு ஆதாரம் போதாது’ என்று நோட்டில் எழுதிக்கொண்டு வெர்னான் திரும்பிவிட்டார்.

“மார்லிஸ்கிட்ட உள்ளதைச் சொல்லித் தொலை” என்றாள் மனைவி இர்மா, உருளைக்கிழங்கு தோலைச் சீவியபடி. “படிக்கலைன்னா என்ன, கொலையா பண்ணிட்டே?”

“பலகையைக் கழற்றிடுவா இர்மா.”

“கழற்றட்டுமே. வீட்ல மாட்டிக்கலாம்.”

அவளுக்கு என்ன தெரியும்! வெர்னான் பன்னிரண்டு மைல் காரோட்டி அடுத்த ஊர் நூலகத்துக்குப் போனார். பெயரைச் சொல்லிப் புத்தகத்தைக் கேட்டதும் அங்கே இருந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள்.

“வெர்னான் க்ளிங்கரா? ‘வெர்னான் சொல்கிறார்’ வெர்னானா? ‘நாலடித் தண்ணீர்’ எங்ககிட்ட இருந்துச்சு சார், நாலு வருஷம் முன்னாடி களையெடுத்துட்டோம். ஆனா ஒரு நல்ல சேதி. அதை எழுதின அம்மா இதே ஊர்லதான் இருக்காங்க. எழுபத்தெட்டு வயசு. உங்க கூட்டத்துக்கு வரச்சொல்லி இப்பவே போன் பண்றேன், மார்லிஸுக்கும் சொல்லிடறேன்.”

“வேண்டாம்மா, பெரியவங்களை எதுக்குச் சிரமப்படுத்திக்கிட்டு…”

அதற்குள் அவள் எண்ணைச் சுழற்றிவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள். “வர்றாங்களாம்! தன் புத்தகத்தைப் படிச்ச ஆளைப் பார்க்கணும்னு இருபத்தஞ்சு வருஷமா ஆசையாம்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் வெர்னான் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். இனி இர்மா சொன்னதுதான் வழி என்று, மறுநாள் மார்லிஸ் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். அவள் பேச விடவில்லை.

“வெர்னான்! இனிமே சனிக்கிழமைகள்ல நூலகத்தை மூடறதா இருந்தாங்க இல்ல? நேத்து மாவட்டக் குழு கூடுச்சு. ஒரு கால்வாய்ப் புத்தகத்துக்கு இத்தனை பேர் வரிசையில நிக்கிற ஊர்ல எப்படி மூடறதுன்னு தள்ளி வெச்சிருக்காங்க. கூட்டத்தைப் பார்க்க அவங்க ஆளும் வர்றார். எல்லாம் உங்க புண்ணியம். ஆமா, என்னமோ சொல்ல வந்தீங்களே?”

“மழை வரும்போல இருக்கு” என்றார் வெர்னான்.

உண்மை வெளியே வந்தால் இனி போகப்போவது பலகை மட்டுமல்ல, ஊருக்குச் சனிக்கிழமை நூலகமே போய்விடும். மனிதர் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் அறுபது மடக்கு நாற்காலியும் நிரம்பின. ஓரமாகக் காப்பியும், ‘ஆப்பிள் பை’ என்ற பலகாரமும் இருந்தன. மாவட்டக் குழு ஆள் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார். அடிலெய்ட் ஃபென் கைத்தடியை ஊன்றி வந்து உட்கார்ந்தார். ஒடிசலான உருவம், கூர்மையான கண்கள். மேஜைமேல் நூலகத்தின் ஒரே பிரதி. இரண்டு மாதத்துக்குப் பிறகு வெர்னானுக்கும் அதற்கும் ஒரு முழம்தான் தூரம். மெதுவாகக் கை நீட்டினார். அந்த அம்மாள் தன் கைப்பையை எடுத்து நிதானமாக அதன்மேல் வைத்தார்.

“பதினோராம் அத்தியாயத்துலேர்ந்து ஆரம்பிங்க வெர்னான்” என்றாள் மார்லிஸ். “ஊரே அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு.”

அந்த அம்மாளின் புருவம் லேசாக உயர்ந்தது. தன் கையில் இருக்கும் கடிதத்தை அடுத்த வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு நகர்வதுதான் வெர்னானுக்குத் தெரிந்த தொழில்.

“நான் நிறையப் பேசியாச்சு” என்றார். “படிச்சவங்க பேசட்டும். டோரீன், நீங்க சொல்லுங்க.”

டோரீன் கைக்குட்டையோடு எழுந்தாள். விதவை குடிசை வாசலில் விளக்கோடு நின்றதைச் சொல்லும்போதே குரல் உடைந்தது. லைல் பொறுக்கவில்லை. “விதவையை விடுங்க, கழுதையைச் சொல்லுங்க. அது வெள்ளத்துல போகுதே!”

“போகலை. கரை ஏறிடுச்சு” என்றது பின்வரிசை.

“எங்க ஏறுச்சு? பக்கம் சொல்லு பார்ப்போம்!”

“கழுதையைப் பத்தி எழுதினது சரி. அதுலேர்ந்து வந்த முடிவுதான் தப்பு” என்று கார்டன் எழுந்தார். அவரை மூன்று பேர் உட்காரச் சொன்னார்கள். இதுவரை நாலு பேர் கைக்குத்தான் புத்தகம் போயிருந்தது. பேசியவர்களோ ஒன்பது பேர். அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. ஒரு பெண்மணி தன் கொள்ளுத்தாத்தா அந்தக் கழுதையை நேரில் பார்த்ததாகவே சொன்னாள். மாவட்டக் குழு ஆள் காலைக் கீழே இறக்கிவிட்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

அடிலெய்ட் அம்மாளோ ஒருவர் விடாமல் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு, மடியில் இருந்த தாளில் விறுவிறுவென்று குறித்துக்கொண்டேயிருந்தார்.

“எழுதினவங்களே இருக்காங்களே, கேட்டுடுவோம்!” என்று கத்தினான் லைல். “அம்மா, கழுதை செத்துச்சா, பொழைச்சுதா?”

எல்லோரும் அந்த அம்மாள் பக்கம் திரும்பினார்கள். வெர்னான் கண்ணை மூடிக்கொண்டார்.

“இவ்வளவு நல்லாப் படிச்சிருக்கீங்க” என்றார் அந்த அம்மாள் மெல்ல. “நடுவுல வந்து நான் கெடுக்க மாட்டேன். அந்தக் கழுதை உங்களோடது.”

கைதட்டலில் காப்பிக் கோப்பைகள் அதிர்ந்தன. மாவட்டக் குழு ஆள் மார்லிஸின் கையைப் பிடித்துக் குலுக்கி, சனிக்கிழமை மூடுகிற பேச்சுக்கே இனி இடமில்லை என்றார். மார்லிஸ் வெர்னானைக் கட்டிக்கொண்டாள். மார்லிஸ் யாரையாவது கட்டிக்கொண்டு அந்த ஊர் பார்த்ததில்லை.

ஆபத்து தாண்டிவிட்டது. பலகையும் பத்திரம், சனிக்கிழமையும் பத்திரம். பேசாமல் ஒரு துண்டு ஆப்பிள் பையைத் தின்றுவிட்டு வெர்னான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மூலையில் தனியாக மேல்கோட்டு மாட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாளைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கிட்டே போனார்.

“அம்மா, உங்ககிட்ட மட்டும் பொய் சொல்ல முடியலை. நான் உங்க புத்தகத்தைப் படிக்கலை. ஒரு பக்கம்கூட. தூக்கிப் போடறாங்களேன்னு பாவப்பட்டு அட்டை எழுதினேன். என்னை மன்னிச்சுடுங்க.”

சொல்லி முடித்ததும் இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. அவர் திட்டட்டும், அடிக்கட்டும், பரவாயில்லை என்றிருந்தது.

அந்த அம்மாள் திட்டவில்லை. குறிப்புத் தாளை மடித்துக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் கூடி இன்னும் கழுதைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் ஆசையோடு பார்த்தார். பிறகு வெர்னான் காதருகே குனிந்தார்.

“என் புத்தகத்துல மொத்தமே ஒன்பது அத்தியாயம்தான்ப்பா.”