சோறு விழுந்த சஹன்

பத்திரிகையில் பக்கம் வடிவமைத்தவனிடம் ஓர் அறையை ஒப்படைக்கவே கூடாது. வெற்றிடத்தைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும். இது தெரியாத என் நண்பன் நவாஸ், வாவிக்கரையில் மூடிக் கிடந்த தன் அரிசி ஆலையை இஸ்லாமியக் கலைக்கூடமாக மாற்றியபோது, பொருட்களை அடுக்கிக் காட்டும் பொறுப்பை என்னிடம் தந்தான்.

கட்டடம் அவன் வேலை. ஜன்னல்களில் நட்சத்திர வடிவங்கள் வெட்டிய மரச்சட்டங்களைப் பொருத்தியிருந்தான். காலையில் தரையெங்கும் வெயில் நட்சத்திரங்கள் கிடக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் என் பின்னால்தான் வந்தது.

"கண்ணாடிப் பெட்டி வேணாம். பொருள் வீட்டுல இரிக்கிற மாதிரியே இரிக்கணும்," என்றேன். (நான் அதுவரை பார்த்த நூதனசாலைகளை ஒரு கை விரல்களில் எண்ணி, மிச்ச விரல்களால் தேநீரும் குடிக்கலாம்.)

"நீ சொன்னாச் சரி மச்சான். பேப்பர்காரன்," என்றான் நவாஸ்.

நடுக்கூடத்துக்கு நாங்கள் குறிவைத்தது பக்கத்துத் தெருக் கதீஜா மாமியின் செப்புச் சஹனை. நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. விளிம்பெல்லாம் கொடியும் பூவும் செதுக்கியது. பல தடவை கெஞ்சிய பிறகே தந்தார்.

"ஒரு கீறல் விழுந்தாலும் அண்டைக்கே தூக்கிட்டுப் போயிருவன், மனே."

போனால் நடுக்கூடத்தில் மிஞ்சுவது தூண் மட்டுமே.

பன்பாய் விரித்தேன். நடுவில் சஹன். பக்கத்தில் கை கழுவ நீர் வார்க்கும் கெண்டியும் அந்த நீரை ஏந்தும் படிக்கமும். நவாஸ் தள்ளி நின்று பார்த்தான்.

"வடிவா இரிக்கி மச்சான். எனக்குப் பசிக்கிது."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

திறப்பு விழாவில் பேச்சுகள் நீண்டன. பகல் சாப்பாடு பின்வளவுப் பந்தலில். களைத்துப்போன பிரதம விருந்தினர் நடுக்கூடத்தைக் கடக்கையில் பாயையும் சஹனையும் கண்டார், அமர்ந்துவிட்டார். கூட வந்த மூவரும் சுற்றி அமர்ந்தார்கள். எங்கள் ஊரில் சஹனைச் சுற்றி நால்வர் இருந்துவிட்டால் பரிமாறுபவர்கள் கேள்வி கேட்பதில்லை. சோறு வந்தது.

நான் அப்போது வாசலில் ஒரு நிருபருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்: "பொருளுக்கும் மனிதனுக்கும் நடுவில் தடை இருக்கக் கூடாது." உள்ளே திரும்பினேன். தடை இருக்கவில்லை.

"சேர், அது பார்வைக்கு வச்சது," என்றேன் மெதுவாக.

"ஓம் தம்பி, பார்வைக்கும் நல்லாத்தான் இரிக்கி. அந்தக் கத்தரிக்காய இஞ்சால தள்ளுங்க."

கதீஜா மாமி கதவடியில் நின்றார். நவாஸ் தூணுக்குப் பின்னால் போனான். அவன் உடம்புக்கு அந்தத் தூண் போதவில்லை.

"ஆரு இதுல சோறு போட்டது?"

நான் கையை உயர்த்தினேன்.

மாமி சஹனையே பார்த்தார். "என்ட கலியாணத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் இதுல சோத்தக் காணுறன்." பிறகு பரிமாறுபவரிடம் திரும்பினார். "என்ன வாப்பா, இறைச்சி காணாதே. அள்ளி வைங்க."

சாப்பாடு முடிந்ததும் அவரே புளி போட்டுத் தேய்த்துச் சஹனைப் பாயில் வைத்தார். "இஞ்சயே கிடக்கட்டும். ஆனா வருசத்துல ஒருக்கா இதுல சோறு விழணும்."

இப்போது பாயைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறோம். ஆண்டுதோறும் திறப்பு விழா நடந்த நாளில் மட்டும் அவிழ்ப்போம். சோற்றில் விழும் முதல் கை மாமியுடையது.

என் வீட்டில் நிலைமை வேறு. விருந்தாளிகள் முன்னால் எனக்குத் தட்டு வைக்கும்போதெல்லாம் மனைவி கேட்கிறாள்: "இது பாக்கவா, சாப்பிடவா?"

பதில் சொல்லும்வரை கறி வராது.