ஓம் மாமா, பக்கத்துலதான் இருந்தன்

சாய்ந்தமருது.

கண்ணியத்துக்குரிய மாமா றஸாக் அவர்களுக்கு,

மருமகன் றிம்சான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு உம்மா, மாமி, உங்கள் மகள் சஹ்லா, நான் அனைவரும் நலம். தங்கள் நலத்தையும் விசாரித்திருப்பேன், வாட்சப்பில் நீங்கள் என்னை ப்ளொக் பண்ணாமல் இருந்திருந்தால். ஆகையால் லீவு முடிந்து கட்டார் திரும்பும் பர்ஸானிடம், மாமி உங்களுக்கு அனுப்பும் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்புகிறேன். கடிதத்தை ப்ளொக் பண்ண ஏலாது.

நீங்கள் மாமிக்கு அனுப்பிய வொய்ஸை மாமி எனக்கும் போட்டுக் காட்டினா. "ஓ.எல்லும் பாஸ் பண்ணாதவன், என்ட மகளை இருட்டுக்குள்ள பக்கத்துல வெச்சிப் படம் பாத்திரிக்கான். போட்ட மோதிரத்தத் திருப்பிக் குடுங்க. இந்தக் கலியாணம் வேணாம்" எண்டு செல்லியிருந்தீங்க. மாமா, ரெண்டு குற்றமும் சரி. பள்ளிக்கூடத்த விட்டதும் நான்தான், உங்கட மகளுக்குப் பக்கத்துல இருந்ததும் நான்தான். மன்னிப்புக் கேக்க மாட்டன். மோதிரம் போட்ட பொண்ணுக்குப் பக்கத்துல இருக்காம தியேட்டர் முதலாளிக்குப் பக்கத்துலயா இருக்கிற?

ஏன் போனன் எண்டும் கேளுங்க. எங்கட ஊர் முறைப்படி கலியாணம் முடிஞ்சா நான்தான் உங்கட வீட்டுக்கு வரணும். வீடு நீங்க கட்டார்ல உழைச்ச சல்லி. கட்டில், அலுமாரி, ஃபேன் எல்லாம் உங்கட சல்லி. குளிக்கிற வாளி கூட நீங்க அனுப்பின பெட்டிக்குள்ள வந்தது. டைல்ஸ் பதிச்சு உழைக்கிற நான், அந்தப் புள்ளைக்கு ஒரு படமாவது என்ட சல்லியில காட்டணும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான்.

தனியக் கூட்டிப் போக ஏலாதுதானே, அதால மாமியையும் கூப்பிட்டன். கல்முனையில பாத்தா ஊரே எங்களைப் பாக்கும் எண்டு, மட்டக்களப்புக்குப் போக ஒரு வேன் பிடிச்சன். அங்கதான் பிழைச்சிது. வேன் எண்டதும் மாமிட தங்கச்சி ஸைனம்பு, "சும்மா போற சீட்டுத்தானே மனே" எண்டு ஏறினா. அவட மூணு புள்ளைகளும் ஏறின. மறுகா பக்கத்து வீட்டு சிபானா ஏறினா. சிபானா ஏறினா எண்டு அவட மாமியாரும் ஏறினா. கூட்டிப் போற மாப்புளதான் எல்லாருக்கும் செலவழிக்கணும், அதுதான் மரியாதை எண்டு ஒருத்தர்ட கையும் பேர்ஸ் பக்கம் போகல்ல. களுவாஞ்சிக்குடி தாண்டக்குள்ளயே பேர்ஸைத் தடவி மனசுக்குள்ள கணக்குப் பாத்தன். முகத்துல காட்டல்ல.

கவுண்டர்ல விலையைக் கண்டன். முந்தி அந்த ஒரு டிக்கட் சல்லிக்கு ஒரு குடும்பமே படம் பாத்து, பிளேன்டியும் குடிச்சி, பஸ்ஸிலயும் வந்து இறங்கும். அதுக்கு மேல த்ரீடி கண்ணாடிக்கு வேற சல்லியாம்.

"இந்தக் கண்ணாடியை வீட்ட கொண்டு போகலாமா தம்பி?" எண்டு கேட்டன்.

"ஏலாது, திருப்பித் தரணும்."

"அப்ப என்னத்துக்குச் சல்லி?"

"போடுறதுக்கு."

வாசல்ல நிண்ட செக்கியூரிட்டி மாமிட பேக்கத் துறந்து பாத்தான். ரொட்டி, மாசிச் சம்பல், வடை, ஒரு போத்தல் தேத்தண்ணி. "அம்மா, வெளிச்சாப்பாடு உள்ளுக்குக் கொண்டு போக ஏலாது" எண்டான். மாமிக்கு வந்திச்சே கோவம்! "இது வெளிச்சாப்பாடு இல்ல மனே, வீட்டுச் சாப்பாடு. நீயும் ஒண்டு திண்டு பாரு" எண்டா. அவன் ஒரு வடையைத் திண்டான். திண்டிட்டும் விடல்ல. பேக் வேனுக்குப் போயிட்டு. உள்ளுக்கு விக்கிற சோளப்பொரிட விலைக்கு இறக்காமத்துல ஒரு ஆள் ராமுழுக்க வயலுக்குக் காவல் இருப்பான். யானையையும் வெரட்டித் தருவான்.

இதையெல்லாம் தெருவுல நிண்டு எட்டிப் பாத்துத்தான் எங்கட ஊர் சீனிமுகம்மது காக்கா உங்களுக்குக் கோள் மூட்டியிரிக்கார். அவர் அங்க என்னத்துக்கு வந்தாராம்? படம் பாக்கத்தான் வந்தவர். விலையைக் கேட்டுட்டு அப்படியே ஊருக்குக் கிறுகிட்டார். உள்ளுக்கு வராத மனிசனுக்கு, உள்ளுக்கு ஆரு ஆருக்குப் பக்கத்துல இருந்தது எண்டு எப்படித் தெரியும்?

ஆனாலும் நான் இல்லையெண்டு செல்லல்ல. ஓம் மாமா, பக்கத்துலதான் இருந்தன். நல்ல படம். கதாநாயகன் நல்லாச் சண்டை பிடிச்சி, கடைசியில எல்லாரையும் வெண்டார். விலை இன்னும் ஏறினாலும் போவன். சல்லிக்காரன் மட்டும் சிரிக்கணும், கூலிக்காரன் போஸ்டரைப் பாத்துட்டுப் போகணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல. டிக்கட் எடுக்க வக்கில்லாதவன் இல்ல நான். மோதிரத்த அனுப்பினா வாங்க மாட்டன். உம்மாவும் வாங்க மாட்டா. செல்லிட்டன்.

வெயில்ல வேலை செய்யிறீங்க, தண்ணி நல்லாக் குடிங்க. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், என் விசயத்தில் கொஞ்சம் பொறுமையையும் தருவானாக.

இப்படிக்கு,
ஏச்சு வாங்கினாலும் மாறாத மருமகன்
றிம்சான்

பி.கு.: வாப்பா, இது சஹ்லா. பார்சல் கட்டினது நான். மச்சான் கவரை ஒட்டாமத் தந்ததால வாசிச்சிட்டன். பக்கத்துல இருந்தாராம்! எனக்கு ஒரு பக்கம் உம்மா, மற்றப் பக்கம் சிபானாட மாமியார். கவுண்டர்ல ஒரு டிக்கட்டுக்குச் சல்லி போதாமப் போயிட்டு. "நான் இந்தப் படத்த முதலே பாத்திட்டன், நீங்க போங்க" எண்டு எங்களை உள்ளுக்கு அனுப்பிட்டு, படம் முடியுமட்டும் வேனுக்குள்ள றைவரோட இருந்திரிக்கார். அது முதல் நாள், முதல் காட்சி வாப்பா. முதலே எங்க போய்ப் பாத்த? அந்தக் கதாநாயகன் இடைவேளைக்கு முன்னமே குண்டு பட்டு மவுத்தாப் போயிட்டான். ஆர வெண்ட? டிக்கட்டுக்குச் சல்லி போதாமப் போனது உங்களுக்குத் தெரியிறத விட, பக்கத்துல இருந்தான் எண்டு உங்கட்ட ஏச்சு வாங்கிறது அவருக்கு லேசு. மோதிரத்த நான் கழட்ட மாட்டன். அடுத்த லீவுக்கு வாங்க, எல்லாருமாப் போவம். டிக்கட் நீங்க எடுங்க. மச்சானும் ஒருக்கா உள்ளுக்கு வந்து பாக்கட்டும்.