நாற்பது பேர் படிக்காத கடிதம்

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை

அன்புள்ள பீவி மாமிக்கு ரஹீனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வாப்பா, உம்மா, நான் மூவரும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க துஆ செய்கிறேன். போனில் பேசினால் உங்கள் வீட்டில் ஆறு பேர் சேர்ந்து கேட்பார்கள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

உண்மையில் இது இரண்டாவது கடிதம். முதலாவதை நேற்று டைப் செய்தேன். எங்கள் ஏலூர் கிளையில் கணக்கு பார்க்கும் ரயீஸை எனக்குப் பிடித்திருக்கிறது, அவரிடம்கூடச் சொன்னதில்லை, வாப்பாவிடம் நீங்கள்தான் பக்குவமாகப் பேச வேண்டும் என்று ஏழு வரி. வீட்டு மாடியில் இருந்தபடியே கம்பெனியின் நாற்பது கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை இல்லையா, மூன்று மணிக்கு அப்டேட் நடக்கும் என்று எல்லாத் திரைகளுக்கும் மலையாளத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டியிருந்தது, நகலெடுத்து ஒட்டி அனுப்பினேன், அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், போனது உங்கள் கடிதம். அடியில் என் பெயரை ஆங்கிலத்தில் கம்ப்யூட்டரே போட்டிருந்தது. திரும்ப எடுக்க வழியில்லை. ஒவ்வொரு திரைக்குள்ளும் போய் மூடலாம், ஆனால் அதற்கு அந்தந்த ஆளிடம் அனுமதி கேட்க வேண்டும். ரயீஸிடம் எந்த முகத்தோடு கேட்பது?

அதற்குள் ஜூ டவுன் ஆபீஸிலிருந்து தன்யாவின் போன். "ரஹீனா, ஏதோ தமிழ் வைரஸ் கேறிட்டுண்டு." அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கம்பெனியில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. வீட்டில் தமிழ் பேசும் ரயீஸும் முதலாளி மொய்துக்காவும்கூட மலையாளப் பள்ளியில் படித்தவர்கள்.

அடுத்து மொய்துக்காவே கூப்பிட்டார். "நம்ம பாஷைதான் மோளே, வாசிக்கத்தான் அறியாது. ஒண்ணு வாசிச்சுத் தா."

"எல்லாரும் வேலையைச் சேமித்துவிட்டு, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடவும்" என்று வாசித்தேன்.

"அதுக்கு ஏழு வரியா? தமிழுக்கு எடம் கூடுதல் வேணும் போல."

அவர் எல்லா ஆபீஸுக்கும் சொல்ல, நாற்பது பேரும் அணைத்துப் போட்டார்கள். என் ரகசியம் மறைந்தது. திங்கட்கிழமை முதல் அடம்பிடித்த பிரிண்டர்களும் ஓடத் தொடங்கின. மொய்துக்கா மறுபடி அழைத்தார். "இனிமே தமிழ்லயே அனுப்பு. மலையாளத்துல சொன்னா ஒருத்தனும் கேக்கறதில்ல."

ஆகவே மாமி, விஷயம் இன்னும் நம் இருவருக்குள்தான். அவசரமே இல்லை. வாப்பாவிடம் இப்போது பேச வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம்.

மாமாவுக்கு என் சலாம். உங்கள் எல்லாருக்கும் அல்லாஹ் நல்ல சுகம் தரட்டும்.

இப்படிக்கு,
மானம் தப்பிய
ரஹீனா

பின்குறிப்பு: அடுத்த வருடம் வேண்டாம் மாமி, முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு வாருங்கள். அணைக்கும் முன் ரயீஸ் திரையைப் போட்டோ எடுத்து, என்ன கோளாறு என்று கேட்டுத் தன் உம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த உம்மா பாலக்காட்டில் தமிழில் படித்தவராம். இப்போது கீழே வாப்பாவோடு உட்கார்ந்து சாயா குடிக்கிறார். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்: "வீட்டுக்கு வந்தா ரஹீனா சொன்னா, ரஹீனா சொன்னான்னு இதே பேச்சுதான். எழுதியிருக்கறத இன்னும் அவன்கிட்ட சொல்லல. கம்ப்யூட்டர் சரியாச்சான்னு கேட்டுட்டே இருக்கான்." வாப்பா சிரிக்கிறார்.