லேசாகிப்போன ஸ்டீயரிங்

இனிமேல் என் காரை எந்த மெக்கானிக்கும் தொடக்கூடாது! ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பல்கூடத் துலக்காமல் இப்படியொரு சபதம் எடுத்தேன். எனக்கே புல்லரித்தது.

ஒரு வாரமாக ஸ்டீயரிங் திரும்பவே மாட்டேன் என்கிறது. ஒரு வளைவு திருப்பினால் தின்ற நாலு இட்லியும் செரித்துவிடும். மத்தியானம் வாசுதேவநல்லூரில் மைத்துனனின் புதுவீட்டு விருந்து. மெக்கானிக் ரிபாயியோ, "திங்கக்கெழம கொண்டாங்க அண்ணாச்சி" என்று கையை விரித்துவிட்டான்.

இதில் என் மானமும் இருக்கிறது. "எனக்கும் கார் ஓட்டச் சொல்லித் தாங்க" என்று என் மனைவி ராஜகுமாரி இரண்டு வருடமாகக் கேட்கிறாள். "ஸ்டீயரிங் கனம் ஏட்டி, ஒன் கை தாங்காது" என்று இரண்டு வருடமாகச் சொல்கிறேன். இந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருப்பது அந்த டிரைவர் சீட் ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுக்க நான் என்ன ஏமாளியா?

கால்நடை மருந்துக்கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சால் பழைய ஸ்டீயரிங் ஆயிலை உறிஞ்சினேன். கருப்பட்டிப் பாகு மாதிரி வந்தது. புது ஆயிலை ஊற்றினேன். இனி இஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்ப வேண்டும். எனக்கு இருப்பதோ இரண்டே கை.

"ஏட்டி ராஜகுமாரி, ஓடியா! சீட்ல உக்காரு. நியூட்ரல்னு ஒண்ணு இருக்கும், அது..."

"நியூட்ரல்லதான் இருக்கு."

"சமத்து! சாவியத் திருப்பு. லெஃப்ட்ல ஒடி!"

"ஒடிச்சாச்சு."

"ரைட்ல!"

"ஆச்சு. எப்படி இருக்கு தெரியுமா? பூ மாதிரி இருக்கு!"

"சும்மாவா? வேல பாத்தது யாரு?" முழங்கை வரை ஆயில் வழிய நான் குதித்தேன். ஊருக்கே மைக் வைத்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அதற்குள் அவள் இறங்கி நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டாள். "வேல பாத்த வண்டிய சும்மா எடுக்கக்கூடாதுல்லா. ஆயில் கையோட நீங்க எதையும் தொட்டுராதிய, சீட் கவர் புதுசு. நானே பழத்த நசுக்குதேன்."

"ரெண்டே அடி! அதுக்கு மேல போகாத."

பழங்கள் நசுங்கின. கார் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டியது. தெருவில் திரும்பி, ரிவர்ஸ் எடுத்து, ரோட்டைப் பார்க்க வாசலில் அழகாக நின்றது. நான் கார் ஜன்னலுக்கு ஓடினேன்.

"எப்ப ஏட்டி படிச்ச?"

"மூணு மாசமா, பக்கத்து வீட்டு ஹெலன் டீச்சர் கார்ல."

"லைசென்ஸ்?"

"போன வாரம் தபால்ல வந்துச்சு. நீங்கதான கையெழுத்துப் போட்டு வாங்கிக் குடுத்திய!"

"அந்தக் கவரா? சரி, ரிபாயிகிட்டயே வேலையக் குடுத்திருக்கலாம்லா?"

"அவரு நேத்தே பாக்குதேன்னாரு. நாந்தான் திங்கக்கெழமன்னு சொல்லச் சொன்னேன். அவரு பாத்தா, இன்னமும் கனமாத்தான் இருக்குன்னு சொல்லுவிய. ஒங்க கையால பாத்த வேலைய நீங்களே குத்தம் சொல்லுவியளா? சீக்கிரம் குளிச்சிட்டு வாங்க, நேரமாச்சு."

அவசரமாகக் குளித்துவிட்டு ஓடிவந்து முன்கதவைத் திறந்தேன். மைத்துனனுக்குக் கொடுக்க வாங்கிய குத்துவிளக்கு அங்கே சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. நான் பின்சீட்டில் வாழைத்தாரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.