குஸ்தரோவ் புயலும் மைக்செட்டு பாயும்

மெதுவாகப் பேசத் தெரியாதவர்கள் ராயபுரத்தில் நிறையப் பேர் உண்டு. ஹார்பரில் கிரேன் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை வீட்டுக்கு வந்தும் இறங்காது. ஆனால் ரகசியத்தையே மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லக்கூடிய மனிதர் இந்த வட்டாரத்திலேயே ஒருவர்தான். அவர் மைக்செட்டு பாய்.

அவருக்கு வேறு பேர் இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியும், நான் பார்த்ததில்லை. தண்டையார்பேட்டை டோல்கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கடை. உள்ளே ஆள் நிற்க இடமில்லாமல் குழாய் ஸ்பீக்கர், பாக்ஸ், ஒயர்ச் சுருள், சீரியல் பல்பு. சர்ச் திருவிழா, சந்தனக்கூடு, ஆடி மாசக் கூழ், கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் அவர் செட்டுதான். மைக்கில் அறிவிப்பும் அவரே செய்வார், யாரும் கேட்காவிட்டாலும். எங்கள் தெரு ஸ்டெல்லாவின் கல்யாணத்தில் மாலை முழுக்க மணமகளை ‘ஸ்டீலா’ என்றே அறிவித்தார். அந்தப் பெண்ணுக்கு இன்று இரண்டு பிள்ளைகள். தெருவில் இன்னமும் ஸ்டீலக்காதான்.

கையில் மைக் இல்லாத நேரத்திலும் அவர் மைக்கில்தான் பேசுவார். டீக்கடைக்கு வந்தால் ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு, “அன்பான மாஸ்டருக்கு ஓர் அறிவிப்பு. சக்கர கம்மியா ஒரு டீ” என்பார். என் மனைவி செலின் உண்டான செய்தி எனக்கு அடுத்து ஊருக்குத் தெரிந்ததும் அவரால்தான். சந்தோஷத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டு, “யாராண்டயும் சொல்லாத பாய்” என்றேன்.

“நா எதுக்கு நைனா சொல்லப்போறேன், உன் பொண்டாட்டி முழுகாம கீறத?” என்று அவர் கேட்டது, சிக்னலில் நின்றிருந்த பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்டது. நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் எதிர்வீட்டம்மா மாங்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்தாளன். எழுத்தாளன் என்றால் இந்தப் பத்தியை எழுதுகிறவன். இதைத் தவறாமல் படிக்கிறவர்கள் இருவரை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் பத்திரிகையின் பிழைதிருத்துநர்.

பிறந்தது பெண் குழந்தை. முதல் பேர் ஆக்னஸ் என்று செலின் முடிவு செய்துவிட்டாள். கடைசியில் என் பேர் வந்துவிடும். “நடுவுல நீ இன்னா வேணா வெச்சிக்கோ” என்றாள். அதை யாரும் கூப்பிடப்போவதில்லை என்ற தைரியத்தில் சொன்னது.

நான் காத்திருந்தது அந்த நடு இடத்துக்குத்தான். கல்யாணத்துக்கு முன்னால் பாரிமுனை பிளாட்பாரத்தில் ஒரு தடித்த ரஷ்ய நாவலின் மொழிபெயர்ப்பு வாங்கியிருந்தேன். எழுதியவர் குஸ்தரோவ். பக்கத்துக்குப் பக்கம் பனி, குதிரை வண்டி, பெருமூச்சு. மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் யார் யாருக்கு அண்ணன் என்று பிடிபடவில்லை. புரிந்த புத்தகங்களின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை வந்ததே இல்லை. என் மகள் பெரியவளாகி ஏதோ ஒரு சபையில் தன் பேரைச் சொல்லும்போது, கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் திடுக்கிட்டு எழுந்து, “இந்தப் பேரை வைத்த தகப்பன் யார்?” என்று கேட்பதாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். நான் கூட்டத்தின் கடைசி வரிசையில் அடக்கமாக உட்கார்ந்திருப்பேன்.

நடுப்பேர் குஸ்தரோவ் என்று செலினிடம் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

“அது அந்தாளோட பேரா?”

“இல்ல, குடும்பப் பேரு. அவங்க நாட்ல எழுத்தாளர அப்படித்தான் சொல்லுவாங்க.”

“ஏன், நம்ம குடும்பத்துக்கு ஒரு பேரு கூடவா இல்ல?”

இதற்குப் பதில் அந்த நாவலில் இல்லை. ஆனால் கொடுத்த வாக்கை அவள் திருப்பி வாங்கவில்லை.

பங்குத் தந்தையிடம் போனேன். பேரை இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

“இவர் எந்த நாட்டுப் புனிதர்?”

“புனிதர் இல்ல ஃபாதர். நாவலாசிரியர்.”

“நீங்க படிச்சிருக்கீங்களா?”

“மூணு தடவ.”

அவர் பதிவேட்டை மூடினார். “பொறுமைக்கு ஒரு புனிதர் வேணும்னா உங்க பேரையே வெக்கலாம். ஞானஸ்நானத்துக்கு இன்னும் நாள் இருக்கு. யோசிச்சிட்டு வாங்க” என்றார்.

நான் யோசிக்கவில்லை. நேராக மைக்செட்டு பாய் கடைக்குப் போனேன். ஞானஸ்நான விருந்துக்கு செட்டு புக் பண்ண வேண்டும். மைக்கில் அறிவிக்கப் பேர் கேட்டார், சொன்னேன்.

“குஸ்தி?”

“குஸ்தரோவ்.”

“இரு நைனா. பேர வாயில சொன்னா போதாது. மைக்ல வுட்டுப் பாக்கணும்.” கடை வாசலில் சோதனைக்கென்று மாட்டியிருந்த குழாயை ஆன் செய்தார். இரண்டு முறை ஊதினார். பிறகு, “குஸ்தரோவு. குஸ்தரோவு எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்” என்றார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஜிம்மிலிருந்து பனியனோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். “பாய், குஸ்தி எங்க நடக்குது? பேரு குடுக்கணுமா?” என்று கேட்டார்கள். தோள் ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. நான் அந்தப் பேரின் பின்னால் இருந்த இலக்கிய மேன்மையை விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே ஒருவர், “அப்ப குஸ்தி இல்லியா?” என்று வருத்தத்தோடு கேட்டுவிட்டுப் போனார்.

இதோடு அந்தப் பேர் வேண்டாம் என்று பாய் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அவருக்கு அந்தப் பேர் மேல் காதல் வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்கு செட்டு கட்டினாலும் மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ கிடையாது. “குஸ்தரோவு, குஸ்தரோவு” தான்.

“ஏன் பாய் இப்டி மானத்த வாங்குற?” என்றேன்.

“உனுக்கு இன்னா தெரியும். ஒன் டூ த்ரீல ஜீவனே இல்ல. இத்த பாரு, ‘கு’ன்னா அடியில பேஸு உறுமுது. ‘ஸ்’ன்னா மேல ட்ரெபிள் சீறுது. கடசீல ‘ரோவு’ன்னு வுட்டா எக்கோ அப்டியே கடலாண்ட போயிட்டுத் திரும்பி வருது. நல்ல பேருப்பா. எவன் வெச்சான்?”

“நான்தான் பாய்.”

“சும்மா இரு.”

ஒரே வாரத்தில் வண்ணாரப்பேட்டை வரை பேர் பரவிவிட்டது. மருந்துக் கடையில் ஒரு பெரியவர், வாயுத் தொல்லைக்குக் குஸ்தரோவ் மாத்திரை வந்துவிட்டதா என்று விசாரித்ததை நானே என் காதால் கேட்டேன். அங்கே என் மகள்தான் அது என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் நெட்டுக்குப்பம் வந்தது.

நெட்டுக்குப்பம் எண்ணூர் முகத்துவாரத்தில் இருக்கிற மீனவக் குப்பம். செலினின் அப்பாவுக்கு அங்கேதான் வீடு, படகு, வலை எல்லாம். பேத்தியின் நடுப்பேரை ஞானஸ்நானத்தன்று சொல்லி அவரை அசத்தலாம் என்று அவரிடம் மட்டும் மறைத்து வைத்திருந்தேன். அங்கே ஒரு காதுகுத்துக்கு பாய் செட்டு கட்டப் போயிருக்கிறார். விடியற்காலை, படகுகள் கிளம்புகிற நேரம். வானமும் கொஞ்சம் மூடியிருக்கிறது. பாய் இரண்டு குழாயையும் கடலைப் பார்த்துத் திருப்பிக் கட்டிவிட்டு, தன் அடித்தொண்டையில் ஆரம்பித்திருக்கிறார். குஸ்தரோவு. குஸ்தரோவு. குஸ்தரோவு.

எனக்கு மாமனாரிடமிருந்து போன் வந்தது.

“மாப்ள, நீ ஹார்பராண்ட கீற ஆளு. எத்தினியாம் நம்பர் கூண்டு ஏத்திக்கீறாங்க?”

“எதுக்கு மாமா கூண்டு?”

“இன்னா மாப்ள, ஊரே மைக்கு வெச்சி சொல்லிக்கினு கீது. குஸ்தரோவ்னு ஒரு புயலு வருதாமே. வாட்ஸ்அப்லயும் போட்டுட்டானுங்க. எல்லா படகையும் இஸ்து மேல ஏத்தியாச்சி. வலையெல்லாம் வூட்டுக்குள்ள கொணாந்துட்டோம். எப்ப கரைய கடக்குதுன்னு கேட்டுச் சொல்லு.”

பொய் சொல்ல எனக்கு ஆயிரம் வழி இருந்தது. ஒன்றுகூடத் தோன்றவில்லை.

“மாமா, அது புயல் இல்ல. அது உங்க பேத்தி.”

மாமா போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை செலின் என்னிடம் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“எங்கப்பா இன்னிக்கி கடலுக்குப் போவல. குப்பத்துல யாருமே போவல. வானம் வேற பத்து மணிக்கெல்லாம் பளிச்சினு வெளுத்துடுச்சி. நாளைக்கி இந்தப் பொண்ணு தாத்தா வூட்டுக்குப் போனா இன்னா சொல்லுவாங்க? புயலு வந்துடுச்சிம்பாங்க. உனுக்கு அந்த புக்கு முக்கியமா, இது முக்கியமா?”

பேரை விட்டுவிடுகிறேன் என்றேன். கண்ணாடி போட்ட பெரியவர் என் கற்பனைச் சபையிலிருந்து எழுந்து வெளியே போனார்.

மறுநாள் பாயிடம் போய்ச் சொன்னேன். ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

“பேரு கேன்சல் பாய். ஆக்னஸ் மட்டும்தான்.”

“என்னாலயா?”

“சேச்சே.”

“என்னாலதான்.” ஒயரைச் சுற்றி முடித்து ஆணியில் மாட்டினார். “சரி நைனா. உன் கொயந்த. ஆக்னஸும் நல்ல பேருதான். சின்னதா கீது. அவ்ளோதான்.” வழக்கமான சத்தத்தில்தான் சொன்னார். பிறகு அடுத்த ஒயர்ச் சுருளை எடுத்தார். நான் கிளம்பினேன்.

ஞானஸ்நானத்தன்று விருந்து ஹாலில் ஸ்பீக்கர் கட்டிவிட்டு, “மைக் டெஸ்டிங், ஒன், டூ” என்று பாய் சொன்னதைக் கேட்டேன். துக்க வீட்டில்கூட அவர் அவ்வளவு சுரத்தில்லாமல் சொன்னதில்லை. த்ரீயைச் சொல்லவே இல்லை. பிறகு மாதா கோயிலுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசிக் கதவோரமாக நின்றுகொண்டார்.

மாமனார் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். அந்த போனுக்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஞானஸ்நானத் தொட்டியருகே நாங்கள் நின்றோம். குழந்தை செலின் கையில் தூங்கியது.

“இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்?” என்று ஃபாதர் கேட்டார்.

“ஆக்னஸ்” என்றேன்.

“அப்புறம்?” இது மாமனார்.

“அவ்ளோதான் மாமா.”

“ஏன், மிச்சத்த முழுங்கிட்டியா?” குனிந்து என் காதருகே பேசினார். “ஒரு குப்பமே கரையேறிச்சி அந்தப் பேருக்கு. எம் பேத்தி பேரச் சொன்னா கடலு கூட நிக்கும்னு எங்காளுங்க சொல்லிக்கினு திரியறானுங்க. பக்கத்துக் குப்பத்துக்காரன் பொறாமப்படுறான். இப்ப வந்து இல்லன்னுவியா? முழுசா சொல்லு.”

நான் செலினைப் பார்த்தேன். அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “சொல்லித் தொல” என்றாள்.

மூன்று முறை நாவலைப் படித்தவன், ஆறு மாதமாக இரவில் அந்தப் பேரை முணுமுணுத்துத் தூங்கியவன், உலகத்திலேயே அதைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த ஒரே தமிழன் நான்தான் என்ற எண்ணத்தோடு இருந்தவன், வாயைத் திறந்தேன்.

“ஆக்னஸ் குஸ்த... குஸ்தி... குர்...”

ஃபாதர் குனிந்தார். மாமனார் குனிந்தார். குழந்தை விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. எனக்கு அந்த நேரத்தில் என் சொந்தப் பேரும் நினைவில்லை.

“குஸ்தரோவு, ஃபாதர்.”

கதவோரத்திலிருந்து வந்தது. மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. மாடத்தில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. ஃபாதர் தலையை ஆட்டி, “ஆக்னஸ் குஸ்தரோவு” என்று அப்படியே சொல்லித் தண்ணீர் ஊற்றினார். கோயில் பதிவிலும் அப்படியே எழுதினார். அதைப் பார்த்து எழுதிய அத்தனை காகிதத்திலும் அப்படியே வந்துவிட்டது. அந்த ரஷ்யர் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத ஒரு ‘உ’ என் மகளுக்கு உண்டு.

விருந்தில் பாய் அந்தப் பேரை எத்தனை முறை அறிவித்தார் என்று கேட்காதீர்கள். பிரியாணி பரிமாறியவர்கள் காதில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

இந்த வருஷம் அவளைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். தலைமையாசிரியை கண்ணாடி போட்டிருந்தார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

“உன் பேர் என்னம்மா?”

“ஆக்னஸ் குஸ்தரோவு.”

“அட, புதுசா இருக்கே. யாரோட பேரு அது?”

இத்தனை காலம் தயார் செய்து வைத்திருந்த உரையை ஆரம்பிக்கத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“எங்க மைக்செட்டு பாயோட பேரு.”

ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆபீஸுக்குப் போகிற வழியில் டோல்கேட்டில் இறங்கி, டீக்கடையில் இருந்த பாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

“அப்டியா சொல்லிச்சு?”

“ஆமா பாய்.”

“அந்த டீச்சராண்டயா?”

“ஆமா.”

“இன்னொரு வாட்டி சொல்லு நைனா. மொதல்லருந்து.”

சொன்னேன். பாரிமுனை பஸ் வந்து நின்று போனது. அவர் மறுபடியும் கேட்டார். அடுத்த பஸ்ஸும் போனது. நான் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூட வாசலில் நாங்கள் ஆட்டோவை விட்டு இறங்கியதிலிருந்து ஆரம்பித்தேன்.