டாக்டர் சொன்ன மான்

"பக் அப்."

வார்டைச் சுற்றி வந்த வெள்ளைக்கார டாக்டர் யாக்கூபின் தோளைத் தட்டி அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கட்டிலில் மனைவி ரபியா இருமிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னது ஏதோ மருந்தின் பெயர் என்று யாக்கூப் நினைத்தான். மறந்துவிடாமல் "பக்கப்பு, பக்கப்பு" என்று முணுமுணுத்தபடியே தன் குதிரைவண்டியை மருந்துக்கடைக்கு விரட்டினான். அப்படி ஒரு மருந்தே இல்லை என்றார்கள்.

சிராங்கூன் சாலையில் வக்கீல் குமாஸ்தா முத்துசாமியிடம் தலையணை அளவுக்கு ஓர் இங்கிலீஷ் அகராதி இருந்தது.

"பக்குன்னா ஆண் மான், பாய்," என்றார் அவர், பக்கத்தில் விரலை ஓட்டி. "மானுக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம்? அது கிடக்கட்டும். அடுத்து, ஷோக்குப் பேர்வழின்னு போட்டிருக்கு. பாத்தீங்களா! இந்த அழுக்குச் சட்டையோட போய் நின்னா துரைக்குப் பிடிக்குமா?"

மறுநாள் யாக்கூப் இரவல் கோட்டும் சிவப்புத் துருக்கித் தொப்பியுமாக, அரைப் புட்டி அத்தரைப் பூசிக்கொண்டு போனான். ரபியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிப்பு இருமலாகி, இருமலில் ரத்தம் வந்தது. அத்தர் நெடியில் பக்கத்துக் கட்டில்காரிகளும் இரும ஆரம்பித்தார்கள். டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கையைக் குலுக்கி, மறுபடியும் அதையே சொன்னார்.

"குதிரை முதுகை வளைச்சுத் துள்ளுறதும் பக்குதான்," என்றார் முத்துசாமி அன்று சாயங்காலம். "நீங்க சந்தோஷமா இருந்தா அவங்களுக்குத் தெம்பு வரும்னு சொல்றாரோ என்னமோ."

"வார்டுல போய்த் துள்ளுறதா?"

"டாக்டரே சொல்றாரே!"

துள்ளினான். மூன்றாவது துள்ளலில் மருந்துத் தட்டு கவிழ்ந்தது. வார்டு ஆயா மங்களம் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். தலைமை நர்ஸ், இரண்டு நாளைக்கு உள்ளே வரக்கூடாது என்று அவனை வெளியே தள்ளினாள்.

பின்னாலேயே வந்த டாக்டர் அவன் தோள்கள் இரண்டையும் பிடித்தார். அந்த வார்த்தையை இந்தத் தடவை மிகவும் மெதுவாகச் சொன்னார்.

யாக்கூப் ரபியாவின் கட்டிலோரத்து ஜன்னலுக்கு வெளிப்பக்கமாக ஓடினான்.

"மானேதான் ரபியா! மான்கறி கொடுக்கச் சொல்றாரு. நாங்கதான் புரிஞ்சுக்கல. கிராஞ்சிக் காட்டுக்குப் போறேன்."

"மானா, மச்சான்?" அவள் கம்பி வழியே அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். வெகுநேரம் விடவில்லை. "ஹலாலா அறுத்துக் கொண்டாங்க."

அதற்காகவே அவன் நேரில் போனான். ஒரு மலாய் வேட்டைக்காரரோடு இரண்டு நாள் மழையில் அலைந்தான். கால் முழுக்க அட்டை கடித்த ரத்தம். கடைசியில் ஒரு கொம்பு மான் அடிபட்டு விழுந்தது. பிஸ்மில்லா சொல்லித் தன் கையாலேயே அறுத்தான். வாழையிலையில் கட்டிய கறியோடு மூன்றாம் நாள் மத்தியானம் வார்டுக்குள் நுழைந்தான்.

ரபியாவின் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது.

"விடியக்காலையில, பாய்," என்றாள் மங்களம்.

யாக்கூப் கட்டிலருகே தரையில் உட்கார்ந்துவிட்டான். பொட்டலத்திலிருந்து ரத்தம் சொட்டியது.

"என்னாலதான் போயிட்டா," என்று தலையில் அடித்துக்கொண்டான். "டாக்டர் முதல் நாளே சொன்னாரு. அன்னைக்கே மானைக் கொண்டாந்திருந்தா பிழைச்சிருப்பா."

மங்களம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது மருந்து இல்ல பாய். பிழைக்க மாட்டாங்கன்னா டாக்டர் புருஷன்கிட்ட அப்படித்தான் சொல்வாரு, மனசைத் தேத்திக்கன்னு. முதல் நாளே உங்க சம்சாரம் என்கிட்ட அர்த்தம் கேட்டுட்டாங்க. 'அவருகிட்ட சொல்லிடாதீங்கக்கா, தேடிக்கிட்டே இருக்கட்டும். தேடுற வரைக்கும் நான் பிழைச்சுக்குவேன்னு நம்பிக்கிட்டு இருப்பாரு'ன்னாங்க."